யில்வாவின் மஞ்சள் பூட்டு

உங்கள் காபி தண்ணீராக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். மர அறுவை மில்லில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். சின்ன விஷயங்களுக்கெல்லாம் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மரப்பட்டை உரிக்கும் இயந்திரத்துக்குள் இறங்குகிறவர், வேறு யாரும் அதை ஓடவிட முடியாதபடி, அணைத்த சுவிட்சில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவர் பையில்தான் இருக்க வேண்டும். அதாவது, ஸ்வீடன் அரசாங்கத்துக்கு என்னைவிட ஒரு பூட்டின்மேல் நம்பிக்கை அதிகம்.

யில்வா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவளைத்தான் தொழிலாளர்கள் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆபத்து என்று அவளுக்குத் தோன்றினால் போதும், வேலையை நிறுத்தலாம். முதலாளியே ஆனாலும் கைகட்டி நிற்க வேண்டும். கட்டைகளை இழுக்கும் சங்கிலிக்கு மூடி இல்லையென்று ஒருமுறை நிறுத்தினாள். தரையில் பனிக்கட்டி என்று இன்னொரு முறை. ஜனவரி மாதத்தில், எங்கள் ஊரில், பனிக்கட்டியாம். மற்றவர்கள் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தின்றுகொண்டே நான் கைகட்டி நின்றதை வேடிக்கை பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் கட்டை சிக்கியது. அதை எடுக்க இறங்குமுன் யில்வா தன் மஞ்சள் பூட்டை மாட்டினாள். நான்தான் சுவிட்சுப் பக்கத்திலேயே நிற்கிறேனே, இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கேட்டேன். சிரித்தாள்.

"நீங்க நல்லவர்தான், ரூனே. ஆனா நீங்க மறந்துடலாம், பூட்டு மறக்காது."

எல்லார் முன்னாலும் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். நான் மறந்துவிடுவேனாம்.

அவள் உள்ளே இறங்கியதும் மற்றவர்கள் காபிக்குப் போனார்கள். நான் இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்துவந்தேன். ஒரே அழுத்தில் பூட்டு துண்டாகிவிட்டது. உங்கள் சட்டத்தின் கெட்டி அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் 'கவனக்குறைவு' என்று எழுதுகிறீர்கள். என் வக்கீலும் அதற்கே தலையாட்டச் சொல்கிறார், தண்டனை குறையுமாம். அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். பார்க்காமல் எந்தச் சுவிட்சையும் நான் போட்டதில்லை. அன்றும் குனிந்து பார்த்தேன்.

உள்ளேயிருந்து நிமிர்ந்து, "என்ன சத்தம், ரூனே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல யில்வா. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

அவள் மறுபடி குனிந்துகொண்டாள். பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். அவள் உள்ளே இருப்பதை நான் ஒரு நொடிகூட மறக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.