கைக்கு எட்டாத இடம்

ரத்தக்கறையை வெந்நீரில் அலசக் கூடாது. நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. வெந்நீர் பட்டால் கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல், ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். சலவைக் கடை நடத்துகிறவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, மேடம். எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகளை இத்தனை வருடமாக நான்தான் துவைக்கிறேன். என் மனைவி தூக்கத்தில் சொறிவாள். காலையில் பார்த்தால் விரிப்பில் அங்கங்கே சிவப்புப் பொட்டு, அதைச் சுற்றி மாவு சிந்தின மாதிரி செதில். ஒரு நாளாவது நான் முகம் சுளித்ததுண்டா என்று அவளையே கேளுங்கள்.

சொரியாசிஸ் என்பார்கள். தொற்று வியாதி இல்லை. கல்யாணத்தின்போது முழங்கையில் காசளவு ஒரு தடிப்பு, அவ்வளவுதான். அவள் வீட்டில் அதை மறைக்கவில்லை, நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அது பரவியது. முழங்கால், தலை, இடுப்பு, கடைசியில் முதுகு முழுக்க. முதுகுக்கு அவள் கை எட்டாது. அதனால் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் என் முதல் வேலை அவளுக்குக் களிம்பு போடுவது. அவள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளிலிருந்து ஆரம்பிப்பேன். அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்லுவாள். எங்கள் தெருவில் என்னைத் தங்கமான மனுஷன் என்பார்கள். அவள் அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண் கலங்கி, "தம்பி, நீங்க இல்லன்னா இவ கதி என்ன ஆயிருக்கும்" என்று சொல்லாமல் போனதில்லை.

அவள் ஒரு பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஒரு குழந்தையின் அம்மா அவள் கையைப் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தாளாம். வேலையை விடும்படி நான்தான் சொன்னேன். நாலு பேர் வாயில் ஏன் விழ வேண்டும்? குழந்தை வேண்டாம் என்பதையும் நான்தான் முடிவு செய்தேன். அதற்கும் இப்படி வந்துவிட்டால் யார் பார்ப்பது? அவள் மறுத்துப் பேசவில்லை. கடையிலும் அவளுக்கு இடம் கொடுத்தேன். பின்னறையில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், பில் ஒட்டுவாள். முன்னால் மட்டும் வரக் கூடாது. துணியை வெளுக்கப் போடுகிறவர்கள் கல்லாவில் அப்படி ஒரு கையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அந்த ஆராய்ச்சிக்கு இவளை இழுத்துக்கொண்டு போனது அக்காதான். பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விஷயம் தெரிவதற்குள் இவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அடுத்த முறை நானும் கூடப் போனேன், அவ்வளவுதான்.

அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு, கிராப் வெட்டிய தலை. எத்தனை நாளாக இருக்கிறது, எப்போது அரிப்பு அதிகம் என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். எப்போதும் நான்தான் சொல்வேன். இவளுக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அந்த டாக்டர் என் பக்கம் திரும்பாமலே, "நீங்க கொஞ்சம் இருங்க சார். அம்மாவே சொல்லட்டும்" என்றாள்.

இவள் சொன்னாள். கோர்வையாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாததைக்கூடச் சொன்னாள். நான் சுவரில் மாட்டியிருந்த தோலின் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு, யாருக்கு எது என்று முடிகிறவரை டாக்டர்களுக்கே தெரியாது என்றார்கள். வேறு எந்த மருந்தும் தொடக் கூடாது. இதையும் நோயாளி தானே போட்டுக்கொள்ள வேண்டும், ஆள் மாறினால் அளவு மாறிவிடுமாம். முதுகுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்தாள். நீளமான, வளைந்த கைப்பிடி, நுனியில் ஸ்பாஞ்ச். இவள் அதைத் தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பார்த்தாள். எட்டியது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "இனிமே உங்களுக்கு ஒரு வேலை மிச்சம் சார்" என்றாள் டாக்டர். எத்தனையோ வருடமாக நான் செய்துவந்ததை ஒரு குச்சியிடம் கொடுத்துவிட்டு, அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. சொன்னேன்.

வெறும் களிம்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தோல் தெளிய ஆரம்பித்தது. முதலில் செதில் நின்றது, பிறகு சிவப்பு வெளுத்தது. விரிப்பில் கறை இல்லை. ஒரு நாள் அரைக்கை ரவிக்கையோடு வந்து நின்றாள். கடையின் முன்பக்கம் வந்து தானாகவே கல்லாவில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் அவளோடு பேசிச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தாள். அங்கே காத்திருக்கும் இடத்தில் ஒரு தையல்கார அம்மாளோடு சிநேகம் ஏற்பட்டிருந்தது. அந்த அம்மாளுக்கு உள்ளங்கையில் வெடிப்பு, இப்போது கத்தரி பிடிக்க முடிகிறதாம். வீட்டுக்கு வந்தால் அவள் புராணம், அந்த டாக்டர் புராணம். பாலர் பள்ளியில் மறுபடி கேட்டுப் பார்க்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு வந்துதான் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் முதுகில் தட்டி, "இனிமே உங்களுக்கு விடுதலைதான் சார்" என்றார். விடுதலை. நான் என்ன ஜெயிலிலா இருந்தேன்? அதற்கப்புறம் தெருவில் ஒருவர்கூட என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. அவள் எவ்வளவு அழகாகிவிட்டாள் என்பதுதான் பேச்சு.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. களிம்பு போடும்போது அவள் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். கூச்சமாக இருக்கிறதாம். யாரிடம்? அந்த முதுகில் எந்த இடத்தில் எத்தனை தழும்பு என்று எனக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது. அந்த முதுகுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தாழ்ப்பாள். உள்ளே அவள் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். நான் வெளியே நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

கறை எடுக்கிற பொடிகள் கடையில் நாலைந்து உண்டு. எந்தப் பொடியையும் நேரடியாகத் துணியில் போட மாட்டோம். உள்தையலில், வெளியே தெரியாத ஓரத்தில், கொஞ்சம் வைத்துப் பார்ப்போம். இதிலும் அப்படித்தான் செய்தேன். நான் அவசரக்காரன் இல்லை. களிம்பு டியூப்புகளை ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருப்பாள். ஒன்றின் பின் மடிப்பைப் பிரித்து, கொஞ்சமே கொஞ்சம் கலந்து, பழையபடி மடித்து வைத்தேன். அவர்கள் ஆராய்ச்சி செய்யவில்லையா? நானும் செய்தேன். யாருக்கு எது போகிறது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஏங்க, எரியுதுங்க" என்றாள்.

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன்.

டாக்டருக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டாள். செய், ஆனால் எரிகிறது என்று சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் இந்த மருந்துக்கு எங்கே போவாய் என்றேன். எனக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. போனைக் கீழே வைத்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போட்டுக்கொண்டாள். அந்த மருந்தை இழந்துவிடக் கூடாதே என்று அவளுக்கு அவ்வளவு பயம். நான் அளவை மெல்ல மெல்லக் கூட்டினேன். தோல் சிவந்து தடித்தது, அரைக்கை ரவிக்கை பீரோவுக்குள் போனது, கல்லாவில் மறுபடி நான் உட்கார்ந்தேன். ஒரு நாள் அந்தக் குச்சியைப் பிடிக்கக்கூட அவள் விரல் மடங்கவில்லை. "நீங்களே போட்டு விடுங்களேன்" என்றாள்.

போட்டுவிட்டேன். கையுறை மாட்டிக்கொண்டேன். குப்புறப் படுத்தபடி அவள் அழுதாள், நான் தோளிலிருந்து ஆரம்பித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் மனம்விட்டுப் பேசினாள். ஏதோ பாவம் செய்திருக்கிறேன் போல, அதனால்தான் வந்த நல்லது தங்கவில்லை என்றாள். அப்படியெல்லாம் நினைக்காதே, நான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததைவிட வேகம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சிவந்துவிட்டது. குளிர் ஜுரம். எத்தனை போர்வை போர்த்தினாலும் நடுங்கினாள். தோல் என்பது ஒரு கதவு மாதிரி, அது போய்விட்டால் உடம்பிலிருக்கிற சூடு, தண்ணீர் எல்லாம் வெளியே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தீக்காய வார்டில் போட்டார்கள். விரிப்பு உடம்பில் பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று, கம்பி வளைத்து அதன்மேல் துணியைப் போர்த்தியிருந்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறி, மூத்திரம் நின்று, பிழைப்பாளா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைத்துவிட்டாள். அந்த டாக்டர் வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் மருந்துதான் இப்படிச் செய்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அம்மாவே சொல்லட்டும் என்றவள்தானே. அம்மாவுக்கு இப்போது பேச வாய் வரவில்லை.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். எல்லாரிடமிருந்தும் டியூப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தையல்கார அம்மாள் வார்டுக்கு வெளியே இரண்டு கையிலும் கட்டோடு வந்து நின்றதைப் பார்த்தேன். மறுபடி வெடித்துவிட்டதாம், வேலை போய்விட்டதாம். அதற்கு நான் பொறுப்பாக முடியாது. நிறுத்தச் சொன்னது நான் இல்லை.

பிறகு டியூப்புகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மற்ற எல்லாம் சுத்தம், எங்கள் வீட்டிலிருந்து போனதில் மட்டும் பொடி. நேற்று ஆஸ்பத்திரியில் என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். இவள் அக்காவும் அங்கே இருந்தாள். ஆமாம் என்றேன். பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்த டாக்டர்தான் இன்னொன்றையும் சொன்னாள். ஆபத்து என்பதால் யாருக்கு எது என்ற ரகசிய எண்ணைப் பிரித்துப் பார்த்தார்களாம். இவளுக்குக் கொடுத்தது நிஜ மருந்து இல்லை, வெறும் களிம்புதான். மருந்தே இல்லாமல் இந்த உடம்பு எப்படி அவ்வளவு தெளிந்தது என்று டாக்டருக்குப் புரியவில்லை. இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு, தோலைச் சீண்டிக்கொண்டே இருந்தால் சீண்டின இடத்திலெல்லாம் புதிதாகக் கிளம்பும் என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி, இத்தனை வருஷமா, நீங்க என்ன சார் போட்டு விட்டீங்க?"

களிம்புதான் போட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்புதான். எப்போதாவது, தோல் கொஞ்சம் தெளிந்து, அவள் அங்கே போகட்டுமா இங்கே போகட்டுமா என்று ஆரம்பிக்கும்போது மட்டும், துளி பொடி சேர்ப்பேன். அது ஆளைக் கொல்லுகிற அளவு இல்லை. வீட்டில் இருக்க வைக்கிற அளவு. பாலர் பள்ளி வேலையை விட்ட சமயத்தில்தான் முதல் தடவை. நீங்களும் கேட்டதால் சொல்கிறேன். நேற்றுவரை இதை யாரும் கேட்டதே இல்லை. நேற்று இதைச் சொன்னதும் அக்கா அழுதாள். டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டாள். படித்தவர்களுக்குப் பதில் வேண்டும், ஆனால் உட்கார்ந்து கேட்கத் தெம்பு இல்லை.

அவள் அக்கா வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னீர்கள். போகட்டும். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்காக என் கையெல்லாம் மருந்து வாடை ஏறிப்போன மனுஷனிடம், கையெழுத்துப் போடும்போதும் கேட்கவில்லை, தாழ்ப்பாள் போடும்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருப்பான்.

நீங்கள் வார்டுக்குப் போனால் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், மேடம். அவளை நான் மன்னித்துவிட்டேன்.