முருகம்மா பேரனுக்கு ஒரு கம்ப்யூட்டர்

"ஹலோ... ஹலோ, மாரியா? நான் அம்மா பேசுதேன்... ஆமா, ஆமா, நல்லாத்தான் இருக்கேன்... இல்ல, அப்பாவுக்கும் ஒண்ணும் இல்ல. ஏலே, யாருக்கும் ஒண்ணும் ஆகல, பதறாத... லஞ்ச் டைம்தான? ரெண்டு நிமிஷம் பேசலாமா?... ஒரு விஷயம் கேக்கணும். கம்ப்யூட்டர் விஷயம்... ஹலோ?... கேக்குதா?..."

பானுமதி நின்றுகொண்டிருந்தது தாராவி தொண்ணூறு அடி ரோட்டில், ஷகீலின் கம்ப்யூட்டர் கடை வாசல்படியில். உள்ளே கவுண்டரில் ஷகீல் இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்று, கம்பெனியே எல்லாம் மாட்டி டப்பாவில் போட்டு விற்கும் ரெடிமேட் செட்டுக்கான விலை. மற்றது, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் பண்ணுவதற்கு. எது என்று அவள் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவன் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான், கோபர்கைரனேயில் தங்கி வேலை பார்க்கும் மகன் மாரீஸ்வரன். போயும் போயும் இதை அவனிடமா கேட்பது என்று முக்கால் மணி நேரம் கையைப் பிசைந்த பிறகுதான் நம்பரை அழுத்தினாள்.

"எனக்கா? எனக்கு எதுக்குலே அந்தக் கருமம்! நம்ம முருகம்மா அக்கா இருக்கால்லா, எதுத்த வீட்டு அக்கா, அவ பேரனுக்கு. கேம் ஆடுததுக்கு... ஆமா, பத்தாவது படிக்கான்... என்ன கேமா? லாரி ஓட்டுத கேம்... ஆமாலே, லாரிதான். ஸ்டீரிங் எல்லாம் வச்சு ஓட்டுவாங்கல்லா, அது... அவனுக்கு அதான் புடிக்குமாம். நான் என்னத்தக் கண்டேன்!..."

கண்டாள், நன்றாகவே கண்டாள். போன மழைக்காலத்தில் முட்டி வீங்கி, பை தைக்கிற பட்டறைக்குப் போக முடியாமல் இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தபோது போனில் லாரி ஓட்ட ஆரம்பித்தவள், இப்போது நாற்பதடி ட்ரெய்லரை ரிவர்ஸில் கொண்டுபோய் குடோனுக்குள் சொருகுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். போன் பத்தவில்லை. ஸ்டீரிங் வேண்டும், பெரிய திரை வேண்டும். சீட்டுப் பணமும் கையில் வந்துவிட்டது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு பைத்தியமா என்று தெருவே சிரிக்குமே! ஷகீலிடம் மகனுக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். மகனிடம் முருகம்மாள் பேரனுக்கு என்கிறாள். பொய்யை ஆளுக்கொன்றாகப் பங்கு வைத்துவிட்டு நடுவில் நின்று முழித்தாள்.

"இரு, இரு, மெதுவாச் சொல்லு... ம்... ரெடிமேட்னா எது கெட்டாலும் ஒரே கம்பெனிகிட்ட போய் நிக்கலாம், சரி... ஆனா?... உள்ள பவர் சப்ளைய மட்டமாப் போட்டுருவானா? அடப்பாவி... ஆமா ஆமா, வெளிய மட்டும் பச்சையும் செவப்புமா மின்னிக்கிட்டு இங்கயும் ஒண்ணு நிக்கு... பொறவு பெரிய கிராபிக்ஸ் கார்டு போடணும்னா எடம் இருக்காதா... ம்... அசெம்பிள் பண்ணுனா எது வேணுமோ அத மட்டும் போடலாம்... ராம் விலை ஏறிக் கெடக்கா?... அதனால இப்பம் ரெடிமேட் சல்லிசாத் தெரியும், தொறந்து பாத்தா பாதி ராம்தான் இருக்கும்... ஏயப்பா, இதுல இவ்வளவு லோச்சா, இவ்வளவு வில்லங்கம் இருக்கா!... தம்பி, ஒரு நிமிஷம், பேசிக்கிட்டு இருக்கேன்லா... இல்ல இல்ல, நீங்க பேச வேண்டாம், நானே கேட்டுச் சொல்லுதேன்... ஒண்ணும் இல்லலே, கடைக்காரத் தம்பி. நீ சொல்லு, சொல்லு..."

அவன் சொல்லிக்கொண்டே போனான். பாதி வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் நிறுத்திவிடப் போகிறானே என்று பயந்து, புரிந்த மாதிரி "ஆமா, ஆமா" போட்டாள். எட்டு வருஷமாக அவனிடமிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'ம்' மட்டும்தான். சாப்பிட்டியா? ம். வேலை எப்படி? ம். பொங்கலுக்கு வந்தவன் இலை எடுத்த கையோடு கிளம்பினான். இன்றைக்குப் பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது, சின்னப் பையனாக இருந்தபோது மூச்சு விடாமல் பேசுவானே, அந்தப் பேச்சு. இதெல்லாம் முருகம்மாள் பேரனுக்குப் போக வேண்டியது என்று நினைத்தபோது திருடித் தின்கிற மாதிரி இருந்தது பானுமதிக்கு.

"என்னது?... நீயே வாரியா? ஞாயித்துக்கெழமையா?... அந்தப் பயலுக்காகவா?... இல்லய்யா, சந்தோசம்தான். சந்தோசம் இல்லாம என்ன... அவனப் பக்கத்துல உக்கார வச்சு எல்லாம் சொல்லிக் குடுப்பியா... ம்... ம்... என்ன? முருகம்மாகிட்டயா? என்ன சொல்லணும் அவகிட்ட?..."

"... ம்."

"... பரீட்ச வந்தா... ம்."

"... பங்கார்காரனக் கூப்புட்டுப் போட்டுரக் கூடாதுன்னு... ஆமா... ஆமா."

"... சொல்லுதேன்."

படியில் நின்றிருந்தவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள். முகம் எரிந்தது.

பன்னிரண்டாவது பரீட்சைக்கு நாற்பது நாள் இருந்தபோது, மாரி டியூஷனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் கம்ப்யூட்டரைப் பழைய இரும்பு வாங்குகிற பங்கார்காரனுக்குப் போட்டவள் அவள்தான். லீவு நாளெல்லாம் மொபைல் ரிப்பேர் கடையில் குனிந்து கிடந்து, ரெண்டு வருஷமாக ஒவ்வொரு பாகமாக வாங்கி அவனே மாட்டியது. பங்கார்காரன் அதைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். தாராவியில் கிழிந்த அட்டைப்பெட்டி முதல் உடைந்த ஃபேன் வரை எடைக்குப் போட்டே பழகிய கை அவளுடையது. உள்ளே இருந்த கார்டுக்குத் தனி விலை உண்டு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த பங்கார்காரன் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த மாரி சண்டை போடவில்லை. படித்தான், எழுதினான், நல்ல மார்க் வாங்கினான். 'பாத்தியா, நான் செஞ்சதுதான் சரி' என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், அவன் காதுபடவே.

"ஏலே மாரி... வச்சிராத. ஒண்ணு சொல்லணும்... முருகம்மாவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. பேரனுக்கும் இல்ல, யாருக்கும் இல்ல... எனக்குத்தான்... ஆமா. எனக்கு... ஹலோ?... இருக்கியா?... சிரிச்சாக்கூடப் பரவால்லலே, ஏதாச்சும் சொல்லு..."

"... ஆமா, நான்தான் ஆடுதேன்... ஆறு மாசமா... தெனமும் ஒரு மணி நேரம்... பொய்யி. மூணு மணி நேரம்... அப்பாவா? கத்தாம இருப்பாரா. ஒரு நாள் போனப் புடுங்கி பீரோக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. அன்னைக்குச் சோறு எறங்கலலே எனக்கு. வெறும் போனு. அதுவும் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரு. அன்னைக்குத்தான்... அன்னைக்குத்தான் எனக்கு ஒறச்சுது..."

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கடைக்குள்ளிருந்து ஷகீல் எட்டிப் பார்த்தான். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"இல்ல, அழல... மன்னிச்சிருன்னு கேக்கவே வாய் கூசுதுலே. மார்க்கு வந்துச்சுல்லான்னு பேசிப் பேசியே எட்டு வருஷத்த ஓட்டிட்டேன். நீ ஒண்ணும் கேக்கல, அதனால நீ மறந்துட்டன்னு நெனச்சேன்... இல்ல, நெனக்கல. அதுவும் பொய்யி. எனக்குத் தெரியும். நீ பொங்கலுக்கு வந்து செருப்பக்கூட ஓரமா விடாம, இப்பம் போறவன் மாதிரி வாசல்லயே விடுவேல்லா, அப்பல்லாம் தெரியும்... தப்புத்தான்யா. நான் செஞ்சது தப்புத்தான். மன்னிச்சிரு."

ரோட்டில் ஒரு டெம்போ ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. பானுமதி போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீ வர வேண்டாம்யா. நான் ரெடிமேடே எடுத்துக்கிடுதேன். மட்டமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உன்ன வந்து மாட்டித் தான்னு கேக்க எனக்கு என்ன யோக்கியத இருக்கு?... ஹலோ?..."

"... என்னது?... ரெடிமேட் வேண்டாமா?... பாகமாவே வாங்கவா... ம்... பில்லு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கேக்கணும், சரி... கார்டு எதுன்னு மெசேஜ் அனுப்புவியா... சரி... ஞாயித்துக்கெழமை... வாரியா? நெசமாவா?..."

"... யாரு, நானா?... நானே மாட்டணுமா? ஏலே, எனக்கு ஸ்க்ரூட்ரைவர் புடிக்கவே... நீ பக்கத்துல இருந்து சொல்லுவியா... சொல்ல மட்டுந்தான் செய்வியா?... நீ தொட மாட்டியா?..."

"... ஒரு ஸ்க்ரூகூடவா?..."

"... சரி."

"... இல்லய்யா, கோவம் இல்ல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோவப்படுவேன்? சரின்னுதான் சொல்லுதேன். நீ சொல்லு, நான் மாட்டுதேன். தப்பாப் போச்சுன்னா கழத்திட்டுத் திருப்பி மாட்டுதேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்... ஆமா... ஆமா... மத்தியானத்துக்கு மீன் வாங்கிக் கொழம்பு வச்சிருதேன், நீ வந்து..."

"... வேண்டாமா?"

"... சாப்புட்டுட்டே வாரியா..."

"... சரிய்யா. சரி. சாப்புட்டுட்டே வா. வந்தாப் போதும்... ஹலோ?... மாரி?... ஹலோ?..."