புயல்தோளனை நான்தான் முடித்தேன்

உட்கார நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, முதலாளி ஐயா. பதினோரு வருடமாகக் குனிந்தே எழுதியதில் என் இடுப்பு நிற்பதற்கு ஒத்துழைப்பதில்லை.

மேல்மாடியிலிருந்து நீங்கள் கீழே வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். நம் சிறுவர் வார இதழுக்கு ஆசிரியர் அம்மா கதை எழுதுவார். என் மைத்துனர் படம் போடுவார். படத்தில் இருப்பவர்களின் வாயருகே வெள்ளைக் குமிழி இருக்கும் அல்லவா, அதற்குள் வசனம் எழுதுவது நான். பிழை திருத்துவதும் நானே. ஆகவே நான் எழுதியதை என்னைத் தவிர யாரும் சரிபார்ப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நம் கதாநாயகன் புயல்தோளன்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. ஆனால் அவன் நடத்தையைக் கொஞ்சம் பாருங்கள். யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. சுவரை உடைத்துக்கொண்டுதான் நுழைவான். ஒரு திருடனைப் பிடிக்க ஒரு பாலத்தையே பிடுங்குவான். மன்னிப்பு என்ற சொல்லை அவனுக்காக நான் ஒருமுறைகூட எழுத நேர்ந்ததில்லை. அவனுடைய எதிரி கரும்புகையோ, நகரத்தை அழிக்கும் முன் மூன்று நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் போடுகிற மனிதர்.

சின்னதாகத்தான் தொடங்கினேன். புயல்தோளன் பேருந்தைத் தூக்கி எறிகிற படம். "வாடா, மோதிப் பாக்கலாம்" என்று இருக்க வேண்டிய இடத்தில், "அடடா, உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்கலையே" என்று எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் வெள்ளத்திலிருந்து ஒரு தபால்காரரைத் தூக்கி வந்தான். "குடையைக் குடுத்தாத்தான் கரையில இறக்குவேன்" என்றான். இரண்டே மாதத்தில் வாசகர் கடிதங்கள் வந்தன: கரும்புகை அங்கிள் எப்போது ஜெயிப்பார்?

பிறகு அறுநூறாவது இதழ். ஊரைக் காப்பாற்றிய களைப்பில் அவன் புல்வெளியில் படுத்துக் கண்ணை மூடிப் புன்னகைக்கிறான். எழுத வேண்டிய வசனம், "இனி ஊர் நிம்மதியாகத் தூங்கும்." நான் குமிழியைக் காலியாக விட்டுவிட்டு, கீழே இருந்த கட்டத்தில் எழுதினேன்: "அவன் இறந்துபோனான். அஜீரணம்."

அதிகம் வலிக்காத முடிவாக இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன்.

நாற்பதாயிரம் பிரதிகள் போயின. வாசலில் குழந்தைகள் கூடி அழுததை மாடியிலிருந்து நீங்களும் பார்த்தீர்கள். மைத்துனர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "மாமா, அவன் சிரிச்சுக்கிட்டு இருக்கானே. சாகறவன் எதுக்குச் சிரிக்கறான்?" என்றார்.

"நிம்மதி" என்றேன்.

ஆசிரியர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை. குழந்தைகளின் ஒழுக்கத்தை மனதில் வைத்துத்தான் செய்தேன். எனக்கும் எட்டு வயதில் மகள் இருக்கிறாள். தங்கமான பிள்ளை. ஒருநாள் ஜாம் பாட்டில் மூடியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, "விடுங்கப்பா, உங்களால ஆகாது. புயல்தோளனா இருந்தா ஒரே திருகு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அவள் அம்மாவிடம் கொண்டுபோனாள். என் மனைவியும் திறந்துவிட்டாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே காலுக்கு நடந்தது அது. எனக்கு நினைவிலேயே இல்லை.