மீன் பெட்டியில் போன மருந்து

தொலைதூரம் அனுப்பும் மீனை ஈரத்தோடு கட்டக் கூடாது. வெட்டிக் கழுவியபின் துணியால் ஒற்றித் துடைத்து, இரண்டு நாள் நன்றாக உறைய வைக்கவேண்டும். பிறகு றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பெட்டியின் அடியில் ட்றை ஐஸ், அதற்கு மேலே பத்திரிகைத் தாள், அதற்கு மேலே மீன். ரொறன்ரோவில் ஸ்காபரோ, மல்வேர்னில் இருந்து நியூ ஜேர்சிக்கு வான் வண்டியில் பத்து மணித்தியால ஓட்டம். நான் கட்டிய பெட்டியில் ஒரு துண்டு விளைமீன்கூட இதுவரை இளகியதில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், என் தம்பி வாகீசனின் செத்தவீட்டில் அவன் மனைவி சாம்பவி என்னைக் கட்டிப்பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். "மச்சாள் பாவம். இன்சுலினைக் கொண்டுபோய் மீனோட வைச்சிட்டா. அவவுக்கு உதுகள் என்ன தெரியும்?" கூடியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பொலிஸ்காரர் நீங்களும் தொலைபேசியில் அதையே சொன்னீர்கள், தவறுதலாக நடந்தது என்று.

நான் பதினேழு வருடமாக ஒரு பார்மசியில் உதவியாளராக வேலை செய்கிறவள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின், இளகிய பிறகு பார்வைக்கு எப்போதும்போலவே இருக்கும், உடம்பில் மட்டும் வேலை செய்யாது. குளிர்காலத்தில் மருந்தைக் காரில் மறந்து விட்டுவிட்டு வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லி, புதியதை எடுத்துக் கொடுப்பவள் நான். அறியாமல் செய்தாள் என்று எழுதி நீங்கள் கோப்பை மூடப் பார்த்தீர்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். மொழிபெயர்க்கும் பிள்ளை தயவுசெய்து எதையும் மென்மையாக்க வேண்டாம்.

வாகீசன் எனக்கு ஒன்பது வயது இளையவன். அவனை ரொறன்ரோவுக்கு எடுப்பித்தது நான். நான்கு வருடம் என் வீட்டின் கீழ்த்தள பேஸ்மன்றில் இருந்தான். அங்கே இருக்கும்போதுதான், இருபத்தாறு வயதில், அவனுக்குச் சலரோகம் என்று கண்டுபிடித்தார்கள். ஊசி என்றால் அவனுக்கு நடுக்கம். முதல் ஒரு மாதம் காலையும் மாலையும் நான்தான் குத்திவிட்டேன். மருந்துக்கோ டொக்டருக்கோ அவன் யோசிக்கவேண்டி இருக்கவில்லை. பிறகு அமெரிக்காவில் சம்பந்தம் பொருந்தி, சாம்பவியைக் கட்டிக்கொண்டு நியூ ஜேர்சிக்குப் போய், பெற்றோல் அடிக்கும் ஒரு காஸ் ஸ்ரேசனை எடுத்து நடத்தினான்.

அங்கே போய் மூன்றாம் மாதமே நாங்கள் அவன் கண்ணுக்குப் பிச்சைக்காரர் ஆகிவிட்டோம். அமெரிக்காவில் பிறந்தவன்கூட அந்த நாட்டை அவ்வளவு மெச்சமாட்டான். அங்கே ரோட்டு அகலம், வீடு பெரிது, வரி குறைவு. கனடாக்காரர் அரசாங்கம் மூக்குச் சிந்திவிடும்வரை காத்திருப்பார்கள் என்பான். நானும் சிரித்துக்கொண்டு சோறு போடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் காஸ் ஸ்ரேசன் படுத்துவிட்டது. அதோடு காப்புறுதியும் போனது. புதிதாக எடுக்க மாதாமாதம் கேட்ட காசு வீட்டு வாடகையை விட அதிகம். அகலமான ரோட்டில் கார் ஓட்டிய அந்த மகாராசா என்ன செய்தார் தெரியுமா? இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டார். மருந்து முடிகிற நாட்களில் சீனி ஏறாமல் இருக்கப் பட்டினி கிடந்தார். பல்வலிக்குக் கராம்பு கடித்தார். காலில் வந்த புண்ணை யூடியூப்பில் வைத்தியம் பார்த்தார். ஒருநாள் மயங்கி விழுந்து ஆசுபத்திரிக்குப் போனதில் வந்த பில்லைத் திறந்து பார்க்கவே பயந்து, மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, உங்க கனடாவில உந்த மருந்து மலிவாமே." ஒன்ராறியோவில் இன்சுலினை டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமலே வாங்கலாம். நான் வாங்கினேன். எங்கள் ஆட்களில் யாருடைய வானாவது கல்யாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ எல்லை தாண்டினால், அது வெறுமையாகப் போகாது. மீன், முருங்கைக்காய், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்று ஆளாளுக்கு ஏற்றிவிடுவார்கள். வான் ஓட்டும் தில்லையம்பலம் அண்ணை மாதம் ஒருமுறை நியூ ஜேர்சிக்குப் போய் வருவார். மோதகம் வைத்த குளிர்ப்பையின் அடியில் மருந்தை மறைத்து அவரிடம் கொடுப்பேன். மறைக்கச் சொன்னது வாகீசன். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. சாம்பவியின்ர ஆக்களுக்குத் தெரிஞ்சால் நான் தலை காட்டேலாது." நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் ஒரு முறைகூடத் தவறாமல் அனுப்பினேன்.

போன ஐப்பசியில் எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு. அதற்காக ஸ்காபரோவுக்கு வந்தான். கோட்டும் சூட்டும். காலையில் என் குசினியில் நின்று என் மருந்தைப் போட்டுக்கொண்டு வந்தவன், மண்டபத்தில் பத்துப் பேர் இருந்த மேசையில் என்னைக் காட்டிச் சொன்னான்: "அக்காவுக்கு முழங்கால் ஒப்பறேசனுக்குப் பதினாலு மாதம் பொறுக்கட்டாம். ஆள் செத்தாப் பிறகுதான் கனடாவில கத்தி எடுப்பாங்கள் போல. எங்கட நாட்டில எண்டால் அடுத்த கிழமையே காலை மாத்தி விட்டிருப்பாங்கள்."

மேசையே சிரித்தது. நானும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. ஆனாலும் நான் நியாயமான மனுசி. அவன் திரும்பிப் போனபின் பேசிப் பார்த்தேன். "ஒரேயொருக்கா அந்தச் சனத்துக்குச் சொல்லு தம்பி, அக்காதான் எனக்கு மருந்து தாறா எண்டு. வேற ஒண்டும் வேண்டாம்." அவன் சிரித்தான். "விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. என்ர மானம் போயிடும்."

அவன் மானத்துக்கு என் மருந்து வேண்டும், என் பெயர் வேண்டாம்.

மாசியில் தில்லையம்பலம் அண்ணை போகும்போது குளிர்ப்பையில் மோதகம் மட்டும் வைத்தேன். இன்சுலினைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மீன் பெட்டிக்குள், ட்றை ஐஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையில் இருப்பது இரண்டு நாளைக்குத்தான் காணும் என்று அவன் சொல்லியிருந்தான். அவனைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். அவன் ஒருமுறை பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். பயந்து என் வீட்டுக்கு ஓடிவருவான், எல்லோரும் காண்பார்கள் என்று நினைத்தேன். தம்பி மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பெட்டி போய்ச் சேர்ந்த மத்தியானம் தொலைபேசி எடுத்தான். சாம்பவி வேலையில் இருந்தாள். "அக்கா, மருந்து கல்லு மாதிரிக் கிடக்கு. வானில ஆரும் மாறி வைச்சிட்டினமோ தெரியேல்லை. உதைப் போடலாமோ?"

இந்தக் கேள்வியை ஒரு டொக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். காப்புறுதி இல்லாதவனுக்கு டொக்டர் யார்? அங்கே ஒரு பார்மசியில் கேட்டிருக்கலாம். கேட்டால், புதிதாக வாங்கு என்பார்கள், வாங்கக் காசில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய நாட்டில் அவனுக்குக் கேட்க ஆளில்லாமல், மூக்குச் சிந்திவிட ஆள் தேடும் நாட்டில் இருக்கிற என்னைக் கேட்டான்.

"வெளியில வைச்சு இளக விட்டுட்டுப் போடு" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்தானே அக்கா?"

"ஓம். எனக்குத் தெரியும்."

இந்தப் பேச்சு யாருக்கும் தெரியாது. இதுதான் உங்கள் கோப்பில் இல்லாதது. அவன் சொன்னபடி செய்தான். என்னை அவ்வளவு நம்பினான்.

நான்காம் நாள் பத்து மணிபோல, நான் பார்மசியில் நிற்கும்போது மறுபடி எடுத்தான். குரல் தேய்ந்திருந்தது. "சத்தி நிக்குதில்லை அக்கா, குடிச்ச தண்ணியும் வெளியில வருது. மூச்சு வாங்குது. எமர்ஜென்சிக்குப் போவமோ எண்டு யோசிக்கிறன். போனமுறைப் பில்லே இன்னும் கிடக்கு." இன்சுலின் இல்லாத உடம்பு எந்தக் கட்டத்தில் அப்படி மூச்சு வாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மருந்தை எறி, அது செத்த மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் நான் செய்ததும் வெளியே வந்திருக்கும்.

"போவன் தம்பி, எமர்ஜென்சிக்குப் போ" என்றேன். "உங்கட நாட்டில காத்திருக்கத் தேவையில்லைத்தானே."

நான் எதைச் சொல்கிறேன் என்று அவனுக்கு விளங்கியிருக்கும். "நாளைக்குப் பாப்பம் அக்கா" என்று வைத்துவிட்டான். வேலை முடிந்து சாம்பவி வீட்டுக்கு வந்தபோது அவன் குளியலறை நிலத்தில் கிடந்தான். உடம்பு குளிர்ந்திருந்ததாம்.

மருந்தை மீனோடு வைத்தவள் நான். அதைப் போடு என்று சொன்னவளும் நான். இரண்டையும் தெரிந்தே செய்தேன், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் பதிந்துகொள்ளுங்கள். அவனை ஆசுபத்திரிக்குப் போகச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.