சூரியனுக்கு நேர் கீழே

நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் பத்துப் பாகையை மறைக்கும். குழந்தைக்கும் பத்துதான், மல்லனுக்கும் பத்துதான்; கை நீண்டால் முஷ்டியும் பெருத்துவிடும். ஆளுக்கொரு விலை சொல்லாத அளவுகோலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஐயா.

துறைமுகக் காவல் கோபுரத்தில் எனக்குப் பதினாறு வருட வேலை. மூன்று பக்கமும் கடல். கண்டது எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். மணியை விட்டால் மற்ற இரண்டும் செல்லாக்காசு. காலைச் சூரியன் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முஷ்டி நகர்ந்துவிடும். புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

என் சகலை நல்லவர். அதுதான் சிக்கல். பழைய மோட்டார் படகுகளைச் செப்பனிட்டு விற்பவர். மாமனார் வீட்டில் அவர் மாப்பிள்ளை, நான் 'அவரு'. நான் சுமாரான துணிதான். ஆனால் பக்கத்தில் பட்டுத்துணியைப் பிரித்துப் போட்டால் சுமார் துணியும் சாக்காகிவிடும். யாரும் சிரிக்காத என் வேடிக்கையை அவர் மறுவாரம் சொல்வார். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"போதும் அத்தான், வலிக்குது."

"அது நான் சொன்னதுடி" என்றேன் ஒருமுறை.

"நீங்க சொன்னப்போ அது செய்தியா இருந்துச்சு."

அன்று காலை பத்து மணிக்குக் கடலில் ஆரஞ்சுப் புகை எழுந்தது. அபாயக் குறி. தொலைநோக்கியில், சகலை வெள்ளோட்டம் பார்க்கக் கொண்டுபோன படகின் நீலக் கூரை சாய்ந்து தெரிந்தது. சூரியனுக்கு நேர் கீழே.

தேநீர் போட்டுக் குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். புகை அடங்கிவிட்டது. பதினோரு மணிக்கு மீட்புப் படகை அழைத்தேன்.

"எந்தப் பக்கம்ணே?"

"சூரியனுக்கு நேர் கீழ."

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர்கள் போன இடத்துக்கும் அவர் இருந்த இடத்துக்கும் இரண்டு மைல். கவிழ்ந்த படகு அலைக்குள் மறைய அது போதும்.

நாலு மணிக்கு என் மனைவியின் அக்கா கோபுரப் படியேறி வந்தாள்.

"தம்பி, எந்தப் பக்கம்னு காட்டுங்க. பாத்துக்கிட்டாவது நிக்கிறேன்."

அவளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் மேற்கே திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, இருட்டும்வரை நின்றாள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். கொன்றேன் என்பது இருக்கட்டும், அது சரி. 'பொறாமையால்' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அந்த ஆளிடம் பொறாமைப்பட அப்படி என்னதான் இருந்தது?