துண்டு மூடின தொட்டி

அந்தத் துண்ட எடுத்துட்டே பாருங்க, பரவால்ல. மீன்தான். பேட்டரி பம்பு சத்தம் கேட்டுத்தான என்னான்னு கேட்டீங்க? கரண்டு போனா அதுதான் ஓடும். ரெண்டு மணிக்குப் போச்சி, அஞ்சு மணிக்குத்தான் வரும். கடலூர்லயும் இப்புடித்தான் போவுதா?

துண்டு அம்மா போட்டது. பொண்ணு பாக்க வர்றவுங்க கண்ணுல இது படக்கூடாதாம். ஆனா தனியா பேசுங்கன்னு அனுப்பறதுக்கும் இத உட்டா வேற ரூமு இல்ல. உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், கட்டில்லயே உக்காருங்க.

ஆமாங்க, முழுக்கை ரவிக்கதான். வேர்க்கத்தான் செய்யிது. லேப்ல ஏசி இருக்கும், அதுல பழகிடுச்சி.

மீனப் பாருங்க. ஜன்னல் வெளிச்சத்துல நல்லாத் தெரியும். நீலமாத்தான் இருக்கும், ஆனா கண்ணுக்குக் கீழ பாருங்க. குழி குழியா வெளுத்துப் போயிருக்கா? அப்புடியே ஒடம்புல பக்கவாட்டா ஒரு கோடு போவுதா? அதான். தோலு அரிச்சிப் போற நோவு. கடல் மீனப் புடிச்சித் தொட்டியில வளத்தா இது வரும். கடல்ல இருக்கறதுக்கு வர்றதா நான் பாத்ததில்ல.

பரங்கிப்பேட்டையில எம்.எஸ்சி. ப்ராஜக்ட் பண்ணப்ப இருந்த மீனு. ப்ராஜக்ட் முடிஞ்சிது, மூஞ்சி இப்புடி இருக்கறத யாரு பாப்பா, தூக்கிப் போட்டுடுன்னாங்க. நான் மூடி போட்ட பக்கெட்டுல வச்சி பஸ்ல கொண்டாந்துட்டேன். கண்டக்டரு என்னாம்மா நண்டான்னாரு. இல்ல, மீனுன்னேன். கொழம்புக்கான்னாரு. ம்ம்னுட்டேன். அதுக்கு மேல அவருகிட்ட என்னாத்த சொல்றது.

அம்மாவா? ரெண்டாம் நாளே பாத்துட்டு, அய்யய்யோ இதுக்கு அம்ம போட்டுருக்குடின்னு ஒரு கொத்து வேப்பெலையும் ஒரு கை மஞ்சத்தூளும் தொட்டியில போட்டுடுச்சி. நெசமாத்தாங்க. நான் வந்து பாக்கறேன், தண்ணி சாம்பார் மாதிரி இருக்கு. மீனு மூலையில சாஞ்சி வாயத் தொறந்து தொறந்து மூடுது. அன்னங்கோயில்ல வைத்திலிங்கம் அண்ணன்னு மீன் புடிக்கறவரு இருக்காரு, அவருதான் படகுல போறப்ப ஆழத்துத் தண்ணிய கேன்ல புடிச்சாந்து தருவாரு. அன்னிக்கு நாலு கேன் கொண்டாந்து எறக்கினாரு. அம்மாவத் திட்ட முடியல. நல்லதுன்னு நெனச்சித்தான செஞ்சிது.

மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் மருந்துதான் தேடுவாங்க. நான் மொதல்ல ஃபில்டர்ல இருந்த கரிய எடுத்தேன். தண்ணி பளிச்சின்னு தெரியறதுக்காகப் போடற கரி. அந்தத் தூளுதான் தோல அரிக்கிதுன்னு ஒரு கட்டுரையில போட்டிருந்துச்சி. எடுத்ததுலேருந்து தண்ணி லேசா மஞ்சளாத்தான் இருக்கு, பாருங்க. பாக்கறவுங்களுக்குப் புடிக்காது. மீனுக்கு அது போதும். அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தறது. கல்லுல ஒட்டியிருக்கற பச்சைப் பாசிய சொரண்டியாந்து, வைட்டமின் சொட்டுல ஊற வச்சித் தர்றது. அவ்ளோதான்.

நாலு மாசம் ஒரு மாத்தமும் இல்ல. அஞ்சாம் மாசம் குழி ஓரத்துல நீலம் ஏறுச்சி. அதுக்கு மேல ஏறல. இது இப்புடியேதான் இருக்கும். நல்லா திங்கிது, நல்லா நீந்துது. வடுதான்.

தொத்துமாவா? இல்ல, தொத்தாது. வர்றவுங்க மொதல்ல அதத்தான் கேக்கறாங்க. அந்தக் கல்லுக்குப் பின்னால ரெண்டு சின்ன மீனு இருக்கு பாருங்க. ரெண்டு வருஷமா இதோடதான் இருக்கு. ஒண்ணும் ஆவல.

சிரிக்காதீங்க. காபி குடுக்கறப்ப தலையே தூக்கல, இப்ப இவ்ளோ பேசறான்னுதான? மீனுன்னா பேச வருது. மத்ததுக்கு வராது.

திரும்பவும் கையத்தான் பாக்கறீங்க.

லேப் பழக்கம்னு சொன்னனே, அது அம்மா சொல்லிக் குடுத்தது. தொட்டியில கைய உடுறவ முழுக்கை போடுவாளா? லேப்ல ஏசியும் கெடயாது, ஒரு ஃபேன்தான். இருங்க, இந்த ஊக்கக் கழட்டிடறேன்.

மணிக்கட்டுலேந்து முழங்கை வரைக்கும். முதுகுலயும் இருக்கு. வெண்படைதான். பதினேழு வயசுல வந்துச்சி. அந்தக் கருப்புத் தழும்பா? அது வேற. நாட்டு மருந்துக் கடையில எதோ வெதைய வாங்கி அரைச்சித் தடவி, மொட்ட மாடி வெயில்ல உக்கார வச்சாங்க. கொப்பளிச்சிப் போச்சி. நல்லதுன்னு நெனச்சித்தான்.

பாண்டிச்சேரி டாக்டரு என்னா சொன்னாருன்னா, ஒரேடியாப் போவும்னு சொல்ல முடியாது, இதோட நிக்கலாம், நிக்காமயும் போலாம்னாரு. அப்புறம் அந்த இன்னொரு கேள்விய நீங்க ஏற்கெனவே கேட்டுட்டீங்க. பதிலும் சொல்லிட்டேன்.

இதோ வர்றோம்மா.

நேரம் ஆயிடுச்சி, கூப்புடறாங்க. ஒண்ணே ஒண்ணு. நான் காட்டினேன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம். தாலி ஏறுற வரைக்கும் கை வெளிய தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. வேணாம்னா வேற எதுனா காரணம் சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். காட்டினதுல நீங்க மூணாவது ஆளு. ஸ்ரீமுஷ்ணத்துக்காரரு இதே கட்டில்லதான் உக்காந்திருந்தாரு, போயி ஒசரம் பத்தலன்னாரு. விருத்தாசலத்துக்காரரு ராசி ஒத்து வரலன்னு போன் பண்ணாரு. அம்மா ரெண்டையும் நம்பிடுச்சி. நீங்க புதுசா எதுனா யோசிச்சி வைங்க.

மீன மட்டும் காரணம் சொல்லாதீங்க. அம்மா தூக்கி வெளிய ஊத்திடும்.