அக்காவின் படகில் ஓர் ஆபீஸ் அறை

எல்லாரும் சாப்பிட்டாயிற்று அல்லவா? நல்லது. சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லக்கூடிய கதை இல்லை இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் நர்ஸின் கணவனுக்கு நடந்தது. ஆள் தச்சன். மாலை ஆறு மணி... மழை விட்டு, இருட்டிக்கொண்டு வருகிறது. படகுத்துறைக்குப் பின்னால் ஓர் ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் கம்பிவேலி. மறுபக்கம், தார்ப்பாய் போர்த்திக் கரையேற்றி வைத்த படகுகள். ஈ காக்கை கிடையாது. வேனில் ப்ளைவுட்டும் ரம்பமும் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறான்.

அக்கா வீடு என்றால் படகு. விவாகரத்துக்குப் பிறகு ஃப்ளாட்டை விற்று, ஒரு கிழட்டு மோட்டார் படகை வாங்கி, அதிலேயே குடியேறிவிட்டாள். திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை வேண்டும் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். முன்பக்கத்துக் கேபினை ஆபீஸாக மாற்றித் தரச் சொல்லித் தம்பியைப் பிடித்தாள்.

கேபின் கதவைத் திறந்ததுமே குப்பென்று ஒரு வாடை.

“படகு வாங்கினியா, மீன் கூடை வாங்கினியா?”

“மீன் இல்லடா. நல்லா மோந்து பாரு.”

முகர்ந்தான். மீன் இல்லை. டீசலும் இல்லை. பல நாள் குளிக்காத தலை... எண்ணெய்ப் பிசுக்கோடும் வியர்வையோடும் தலையணையில் அழுந்திக் கிடந்தால் வருமே, அந்த வாடை.

மெத்தையைப் புரட்டினான். அடிப்பக்கம் ஈரம். வெதுவெதுவென்று இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. இரண்டு பேரும் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே தள்ளினார்கள். கட்டிலை அறுத்து எடுத்தான். அதற்கு அடியில், தரையின் மூலையில், தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை. கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது.

விரலை விட்டான். முடி.

இழுத்தான். வந்தது. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று அழுக்கு வழிய, குளியலறைக் குழியிலிருந்து வருமே, அப்படி. முழ நீளம் வந்தது. இன்னும் வந்தது. அக்கா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் டார்ச் பிடித்தாள்.

“கருமம். எவளோடதுடா இது?”

“முன்னாடி இருந்தவங்களோடதா இருக்கும்.”

பிடி வழுக்கியது. உள்ளங்கையைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, மூச்சைக் கட்டி ஓர் இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான். நின்றுவிட்டது.

பிறகு... அந்தப் பக்கமிருந்து இழுபட்டது.

பலமாக ஒன்றும் இல்லை. தலைமுடியை யாராவது பிடித்து இழுத்தால் நாம் வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொள்வோம் அல்லவா? அப்படி.

“விட்டுடுடா,” என்றாள் அக்கா மெதுவாக.

“கையில சுத்தியிருக்கு. வெட்டு.”

கத்தியை எடுத்து அவளே அறுத்தாள். நறுக். மிச்சம் ஓட்டைக்குள் விறுவிறுவென்று போய் மறைந்தது. தரைக்கு அடியில் யாரோ எச்சில் விழுங்கினார்கள். பிறகு எதையோ இழுத்துக்கொண்டு நகரும் சத்தம்... ஸ்ரக்... ஸ்ரக்... அவன் நின்றிருந்த இடத்துக்கு நேர் கீழே வந்து நின்றது.

“கிளம்புக்கா. என் வீட்டுக்கு வந்துடு.”

“எத்தனை நாளைக்கு? எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அடைச்சுக் குடு.”

ஓட்டையில் கட்டை அறைந்து, பசை ஊற்றி, மேலே ப்ளைவுட் அடித்தான். மேஜையும் செய்து முடித்தான்.

அக்கா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். வாடையே இல்லையாம். ஆபீஸ் அம்சமாக இருக்கிறது என்று போனில் சொல்கிறாள்.

வாடை இவனோடு வந்துவிட்டது.

சோப்பு, பினாயில், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் அந்தக் கை நாறுகிறது. அவன் மனைவி, புழு வைத்த புண்ணைக்கூட முகம் சுளிக்காமல் கழுவுகிறவள், இப்போது அவன் தொட்ட டம்ளரைத் தொடுவதில்லை. ஒரு நாள் அவன் கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குச் சுற்றி இறுக்கிய தடத்தில் கறுப்பாக, நீளமாக முடி. உள்ளங்கையில் முடி முளைக்காது. எங்களுக்கெல்லாம் அது பாலபாடம். தினமும் காலையில் இடுக்கியால் பிடுங்குகிறாள். ஒவ்வொன்றின் வேரிலும் வெள்ளையாகக் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வருகிறதாம். மறுநாள் காலை, பிடுங்கிய இடத்தில் மறுபடியும் சாண் நீளம்.

முந்தாநாள் அவன் அசந்து தூங்கிக்கொண்டிருக்கும்போதே இடுக்கியை எடுத்துக்கொண்டு போய், அவன் விரல்களைப் பிரித்திருக்கிறாள்.

யாரோ அந்த முடியை வகிர்ந்து, சிக்கெடுத்து, அழகாகப் பின்னிவிட்டிருந்தார்கள்.